எனக்குப் பேசிய மாப்பிள்ளை

மலைக்காட்டுப் பறவைகளின் மரபணுவை ஆராய்வது என் வேலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில் மட்டும் வாழும் ஒரு சிறு பறவை, இடையிலுள்ள பள்ளத்தாக்கைத் தாண்டாது. அதனால் மலைக்கு மலை தங்களுக்குள்ளேயே பெருகி, காலப்போக்கில் தனித்தனி இனங்களாகப் பிரிந்துவிட்டன. கூட்டம் சிறுத்த மலைகளில் உறவுக்குள்ளேயே இணை சேர நேரும். தாயிடமும் தந்தையிடமும் மறைந்து கிடக்கும் ஒரே குறை, குஞ்சில் ஒன்றுசேர்ந்து வெளிப்படலாம். இதை எத்தனையோ கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். வீட்டில் ஒரு தடவைதான் பேசினேன்.

தாராவியில் எங்கள் வீடு. அப்பாவுக்கு மளிகைக்கடை. அம்மா அவருக்கு மாமா மகள். அம்மாவின் அண்ணன் மகனை எனக்குப் பேசினார்கள். அப்போதுதான் நான் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்திருந்தேன். "படிக்கணும்" என்று மட்டும் சொன்னேன். உறவுக்குள் கட்டப் பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அப்பா பல வாரம் என்னோடு பேசவில்லை. ஒருநாள் காலையில், "சரிட்டி, படி" என்றார். அடுத்த மாதமே அதே மாப்பிள்ளையைத் தங்கைக்கு முடிவு செய்தார்கள்.

அவளுக்கு அவரை முன்பே பிடிக்கும். புடவை எடுக்க மாட்டுங்கா போனபோது, கடை வாசலில் அவளிடம் அந்தப் பறவைகளைப் பற்றிச் சொன்னேன்.

"யக்கா, குருவிய வச்சு எங்களயா சொல்லுத?" சிரித்தாள்.

"ரெண்டு பேரும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்தா நல்லதுட்டி."

"அத்தான்ட்ட போயி ரத்தம் குடுன்னு கேக்கவா? அம்மா என்னயக் கொன்னுருவா."

நானும் சிரித்து வைத்தேன். அப்பாவிடம் இன்னொரு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. மறுவாரம் மலைக்குப் போய்விட்டேன்.

பையன் பிறந்தான். நாலாம் மாதம் கழுத்து தளர்ந்தது. பிறகு கால் உதைப்பதும் நின்றது. செம்பூரில் குழந்தை டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ரிஷ்தேதாரி மே ஷாதி?" சொந்தத்தில் கல்யாணமா என்று. தங்கை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படித்து வீட்டுக்கு விளக்கியதும் நான்தான். ஒரே குறை, இருவரிடமிருந்தும் வந்திருந்தது. முதல் பிறந்தநாளுக்கு முன்பே, மூச்சு முட்டிப் போய்விட்டான்.

அவனை அடக்கம் செய்த மறுநாள் தங்கை அவனுடைய பாலாடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு முன்னாடியே தெரியும்லாக்கா."

"நிச்சயமா வரும்னு தெரியாதுட்டி. வரலாம்னுதான்..."

"அதான் நீ அத்தானக் கெட்ட மாட்டேன்னியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஆமா" என்றேன்.

வெகுநேரம் குழாயைத் திறந்தே வைத்திருந்தாள். "அத அன்னைக்கே நேரா சொல்லிருந்தா நானும் யோசிச்சிருப்பேம்லா. குருவிக் கத எதுக்குச் சொன்ன?"

அவர்கள் வாஷிக்குக் குடிபோய்விட்டார்கள். வேறு பிள்ளை இல்லை. பொங்கலுக்கு நான் போனால் அத்தான்தான் கதவைத் திறப்பார். டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "இப்பம் எந்த மலைக்குப் போறீய, மதினி?" என்று அக்கறையாகக் கேட்பார். தங்கை அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவள் சமையலறையை விட்டு வரவும் மாட்டாள். நான் மலையின் பெயரைச் சொல்லிவிட்டு, டீ ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.