சார்ஜன்ட் வீட்டில் குடிக்காத தேநீர்

கதவைத் திறந்த என் கணவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். வாசலில் நின்றவர் சீருடை அணிந்த வெள்ளைக்கார இராணுவ வீரர். இலண்டனில் மிட்சம் என்ற பகுதிக்கு நாங்கள் குடிவந்த முதல் வாரம் அது. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்தவர்களுக்குச் சீருடையைக் கண்டால் கை தானாகவே மேலே போகும். பக்கத்து வீட்டுக்காரரான அவரோ, எங்கள் குளியலறைக் குழாய் ஒழுகித் தன் சுவர் ஊறுவதைச் சொல்லத்தான் வந்திருந்தார். தூக்கிய கைகளைப் பார்த்ததும் திரும்பிப் போனார். சற்று நேரத்தில் பழைய கம்பளிச் சட்டையும் கையில் ஸ்பானருமாக வந்து குழாயை இறுக்கிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வரும்போதெல்லாம் காருக்குள்ளேயே சீருடைக்கு மேல் ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டுதான் இறங்குவார். கோடையிலும் அப்படித்தான். "எங்களுக்காக இந்த மனிசன் அவியுது, பாரும்" என்பார் கணவர்.

படையில் சார்ஜன்ட் என்பதால் நாங்களும் அவரைச் சார்ஜன்ட் என்றே சொல்வோம். வேல்ஸ் நாட்டில் ஒரு நிலக்கரிப் பள்ளத்தாக்கில் பிறந்தவர். சுரங்கத்தில் உழைத்த தந்தை இருமி இருமியே செத்ததைப் பார்த்து, நிலத்துக்கு மேலே எந்த வேலையானாலும் சரி என்று மீசை அரும்பும் முன்பே படையில் சேர்ந்தாராம். ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் படித்தது, அம்மாவோடு பேசியது வெல்ஷ் என்று அவர் சொன்ன நாளில் எனக்கு அவர் சொந்தக்காரர் போலாகிவிட்டார்.

வட அயர்லாந்தில் எரியும் வண்டிக்குள் புகுந்து ஒருவனை இழுத்தெடுத்ததற்காக அவருக்கு வீரப் பதக்கம் கொடுத்திருந்தார்கள். அவருடைய மனைவிதான் அதை எடுத்துக் காட்டிப் பெருமைப்படுவார். என் கணவர் வாழ்த்தியபோது சார்ஜன்ட், "வண்டிக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். மற்றவனைப் பற்றி யாரும் கேட்பதில்லை" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வளைகுடாப் போருக்குப் போனவர் திரும்பவில்லை. காயப்பட்டுக் கிடந்த ஒருவனைத் தூக்கப் போன இடத்தில் ஷெல் விழுந்ததாம். இன்னொருவனை விட்டுவிட்டு வர அவருக்கு மனம் வந்திராது.

செய்தி கேட்டதும் போனோம். அவருடைய மனைவி தன் கையாலேயே தேநீர் போட்டு நீட்டினார். எங்கள் வழக்கப்படி செத்தவீட்டில் பச்சைத்தண்ணீரும் குடிப்பதில்லை. வேண்டாமென்று கையால் மறித்தோம். ஒப்பாரி வைத்து அழுகிற நான், அங்கே யாரும் சத்தமாக அழாததால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் தலைகுனிந்து இருந்துவிட்டு, போய்வருகிறோம் என்று சொல்லக்கூடாத வீடென்பதால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வீட்டுக்கு வந்து தலைக்கு முழுகினோம். எல்லாம் முறைப்படி செய்தோம் என்றே நினைத்திருந்தேன்.

சில வாரங்களில் சார்ஜன்டின் மனைவி வேல்ஸுக்கே திரும்பப் புறப்பட்டார். சாமான் ஏற்றிய வான் வண்டிக்கு அருகில் நின்று, "உங்களுக்காகக் கடைசிவரை கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாரே. அவருடைய வீட்டில் ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கக்கூட உங்களால் முடியவில்லையா?" என்று கேட்டார். அது எங்கள் வழக்கம் என்று அன்றிருந்த அரைகுறை ஆங்கிலத்தில் திக்கித் திக்கிச் சொன்னேன். "பரவாயில்லை" என்றார், வெள்ளைக்காரர் மரியாதைக்குச் சொல்கிற அதே குரலில். அவர் நான் சொன்னதை நம்பவில்லை. வான் போய்விட்டது, விலாசம்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

போன மாதம் எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் இறந்தார். அங்கே கொடுத்த தேநீரை என் கணவர் வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்தார். எனக்கு வியப்பாக இருந்தது.

"என்னப்பா, செத்தவீட்டிலை தேத்தண்ணி குடிச்சிட்டீங்கள்?" என்றேன் வெளியே வந்து.

"அப்ப சார்ஜன்ட் வீட்டிலை குடிக்காமல் விட்ட தேத்தண்ணி அது" என்றார்.

அதைக் கேட்டிருக்க வேண்டிய சார்ஜன்டின் மனைவி வேல்ஸில் எங்கேயோ இருக்கிறார்.