லாத்தா பார்த்த பிறை

உம்மா இறந்த பிறகுதான் வாப்பாவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. தாராவியில் முப்பது வருஷம் தோல் பதனிட்டவர், யாரைப் பார்த்தாலும் "தோலு காய்ஞ்சிருச்சா?" என்று கேட்பார். நாங்கள் மூன்று பேர் அவரைப் பங்கிட்டுக்கொண்டோம்: அண்ணன் கரீம் காக்கா, அக்கா சபுரா லாத்தா, நான். பிறைக்குப் பிறை ஒருவர் வீடு; இருபத்தொன்பதாம் நாள் பிறை தெரியாவிட்டால் அந்த மாதத்துக்கு முப்பது நாள்.

லாத்தா வீட்டிலிருந்தே தொப்பி தைப்பவள். எனக்கு பி.ஏ. பரீட்சை நடந்த நாட்களில் மெஷினைத் தொடமாட்டாள். சத்தம் கேட்குமென்று கையாலேயே தைத்தாள். அந்த அமைதியில் படித்துத்தான் எனக்கு ஆபீஸ் உத்தியோகமும் மாதுங்காவில் ஓர் அறையும் கிடைத்தன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் வருஷ மழைக்காலம். வாப்பா லாத்தாவிடம் இருந்தார். அடுத்தது என் முறை. இருபத்தொன்பதாம் நாள், சனிக்கிழமை சாயங்காலம், மாதுங்கா ஸ்டேஷன் பாலத்தில் நின்றேன். மேகம் விலகிய ஓர் இடைவெளியில் பிறை தெரிந்தது. மெல்லியதுதான், ஆனால் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் ஆபீஸ் நண்பர்கள் என் அறைக்கு டீ குடிக்க வருவதாக இருந்தது. நேரே தாராவிக்கு நடந்தேன்.

"பிறை தெரியலை லாத்தா. ஒரே மேகம்."

வாப்பா தொப்பி போட்டு, துணிமூட்டையை மடியில் வைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தார். லாத்தா என் முகத்தைப் பார்த்தாள். "சரி, முப்பதாக்கிருவோம். நாளைக்கு வா" என்றாள்.

மறுநாள் மத்தியானம் நண்பர்கள் கையில் டீ. காக்கா மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஏலே, வாப்பாவைக் காணோம்!"

இருவரும் ஓடினோம். லாத்தா எங்களுக்கு முன்பே அவரைக் கண்டுபிடித்திருந்தாள். விடுமுறையில் மூடிக்கிடந்த, அவர் வேலை பார்த்த பழைய தோல் ஷாப்பின் திறந்த முற்றத்தில், தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிக்கு இரண்டு முழம் தள்ளிக் குந்தியிருந்தார், பக்கத்தில் மூட்டை. காவல்காரர் பூலோகம் அவருக்குக் குடை பிடித்திருந்தார்.

"பின்பக்கமா எப்பம் வந்தாரோ, நான் பாக்கலை. 'லேட்டா வந்துட்டேன், சம்பளத்தைப் பிடிச்சிராதீங்க'ன்னு எங்கிட்ட கெஞ்சுதாரு, நான் என்ன முதலாளியா!" என்று சிரிக்கப் பார்த்தார் பூலோகம். எங்களால் சிரிக்க முடியவில்லை.

லாத்தா வாப்பாவின் கால் சேற்றைத் துடைத்தபடி, தலை நிமிராமல் சொன்னாள்: "விடிஞ்சதுலேர்ந்து மூட்டையும் கையுமா வாசல்லயே நின்னாரு. உலை வைக்கத் திரும்பினேன், ஆளில்லை." பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி குரலைத் தாழ்த்தினாள். "நேத்து குழாயடியில நானும் பிறை பாத்தேம்ப்பா."

"அப்பம் ஏன் லாத்தா சொல்லலை?"

"நீ பாக்கலைன்னு சொன்னதுக்கப்புறம் நான் எப்படிப் பாத்தேன்னு சொல்லுவேன்?"

மூட்டையை எடுத்துக்கொண்டேன். வாப்பா என் விரலைப் பிடித்து மாதுங்கா வரை நடந்தார். நண்பர்கள் போகாமல் காத்திருந்தார்கள். "எங்க வாப்பா" என்றேன்.

வாப்பா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "தோலு காய்ஞ்சிருச்சா?"

நான்தான் சொன்னேன்: "காயுது வாப்பா. உட்காருங்க, டீ இருக்கு."