வாய்தா நாட்கள்

என் மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது நாங்கள் இருவரும் அடிக்கடி கொச்சிக்குப் போய்வந்தோம். சொந்தக்காரர்கள் யாரும் அங்கே இல்லை. உயர் நீதிமன்றத்தில் எங்கள் வழக்கு இருந்தது.

விவாகரத்துக்குப் பிறகு, குழந்தையின் செலவுக்கு அவள் அப்பா மாதாமாதம் தரவேண்டிய ஜீவனாம்சத்தைத் திருவனந்தபுரம் குடும்ப நீதிமன்றம் முடிவு செய்தது. கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்பெனியில் பார்த்த வேலை போய்விட்டது என்று அவர் சொன்னதை வைத்து, தொகையை மிகவும் குறைத்துவிட்டார்கள். ஆனால் தீர்ப்புக்கு முன்பே அவர் வேறு கம்பெனியில் சேர்ந்திருந்தார். நான் சாலை பஜாரில் ஒரு மொத்தத் துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வந்த பணம் பள்ளிக்கூட ஃபீஸுக்கே போதவில்லை.

என் வக்கீல் மலையாளிப் பெண், என்னைவிட இளையவள்.

"ஹைகோர்ட்ல ரிவிஷன் கொடுக்கலாம் சேச்சி. அவரோட புது ஜோலியை இவங்க நோக்கவே இல்ல. பேடிக்கண்டா, பயப்படாதீங்க, நீங்க வரணும்னுகூட இல்ல," என்றாள்.

எனக்குத்தான் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஸ்ரீவராகத்து வாடகை வீட்டில் நாங்கள் இரண்டே பேர். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு போவேன்.

விடியற்கால வண்டி. கொல்லம் தாண்டியதும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைப் பிரிப்போம். கோட்டயத்துக்குப் பக்கத்தில் இரண்டு குகைகள் வரும். வண்டி இருட்டுக்குள் நுழைந்ததும் அவள் கத்துவாள், எதிர் சீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். இப்போது இரட்டைப் பாதை போட்டு, குகைகளை விட்டு விலகி வண்டி போகிறது.

கோர்ட்டில் எங்கள் முறை வந்த வேகத்தில் முடிந்துவிடும். எதிர்த்தரப்பு அவகாசம் கேட்கும், வாய்தா கொடுப்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி வருவேன். அவள் என் புடவையை இழுப்பாள்.

"படகுல போலாமாம்மா?"

படகுத்துறை பக்கத்தில்தான். ஃபோர்ட் கொச்சிக்குப் படகில் போய், உப்பிலிட்ட நெல்லிக்காய் வாங்கித் தின்றுவிட்டு, அடுத்த படகில் திரும்புவோம். தண்ணீரைப் பார்க்கப் பார்க்க என் கோபம் இறங்கிவிடும்.

ஒருநாள் ரயிலில் அவள் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள்.

"என்னடி வேண்டிக்கறே?"

"இன்னிக்கும் கேஸைத் தள்ளிப்போடணும்னு."

"ஏண்டி?"

"முடிஞ்சுடுத்துன்னா அப்புறம் படகு கிடையாதே!"

திட்ட வாயெடுத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. கடையில் சம்பளம் பிடிப்பார்களே என்று நான் பொருமிய நாட்களெல்லாம் அவளுக்குத் திருவிழாவாக இருந்திருக்கின்றன.

அன்று முதல் தடவையாக அவள் அப்பாவும் வந்திருந்தார். வராந்தாவில் அவளைக் கண்டதும் குனிந்து, "எப்படி இருக்கே கண்ணா?" என்றார்.

"ரயில்ல வந்தோம்ப்பா. கேஸைத் தள்ளிவெச்சா படகு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல, "இன்னிக்கு நாங்க டைம் கேக்கப்போறதில்லை," என்றார்.

கேட்கவும் இல்லை. மத்தியானம் வக்கீல் ஓடிவந்தாள்.

"அந்த ஆர்டரை ரத்து பண்ணிட்டாங்க சேச்சி! புது சம்பளத்தை வெச்சு முதல்லேர்ந்து விசாரிக்கணும்னு திரும்ப ஃபேமிலி கோர்ட்டுக்கே அனுப்பியாச்சு."

நான் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டேன். குழந்தை மட்டும் விசும்பினாள்.

"அப்போ இனிமே இங்க வரமாட்டோமா?"

"இன்னிக்குப் படகு உண்டு, வா," என்றேன்.

சற்றுத் தள்ளி நின்றவர் தயங்கிக்கொண்டே, "நானும் வரட்டுமா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "லேடீஸ் க்யூ சின்னது. நான் டிக்கெட் எடுக்கறேன், நீங்க இவளைப் பிடிச்சுக்கோங்கோ," என்றேன்.

படகில் அவள் நடுவில் உட்கார்ந்து ஓயாமல் பேசினாள். நாங்கள் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காற்றில் பறந்த அவள் ரிப்பனை அவர் எட்டிப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது.

சில மாதங்களில் குடும்ப நீதிமன்றம் தொகையை உயர்த்தியது. அவரும் அநேகமாக ஒழுங்காகவே அனுப்புகிறார். நாங்கள் மூவரும் சேர்ந்து போனது அதுதான் கடைசி.

மகள் இப்போது ப்ளஸ் டூ. ஒரு சனிக்கிழமை கொச்சிக்குப் போய்வரலாமா என்று கேட்டுப் பார்த்தேன்.

"இந்த வெயில்லயாம்மா?" என்றாள்.