பாதி மழித்த முகம்

சலூன்காரருக்குப் பெருங்குடல் அழற்சி. உடம்பின் காவல்படையே குடலை எதிரியாக நினைத்துப் புண்ணாக்குகிறது, மாத்திரை அதை அடக்கித்தான் வைக்கும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவர் காதில் ஏறினால்தானே! மலத்தில் ரத்தம் போவது நின்றதும் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

இன்று மச்சானுக்குச் சவரம் செய்யும்போது பாதியில் கத்தியைப் போட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினார். வெளிறிப்போய்த் திரும்பியவரிடம், ஒரு கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்த மச்சான் கேட்டார்:

"மாத்திரை போடறீங்களா, இல்லையா?"

"நல்லாத்தானே இருந்தேன். நோய் போயிடுச்சுன்னு விட்டுட்டேன்."

மச்சான் மழித்த கன்னத்தைத் தடவினார்.

"இதுவும் வழவழன்னுதான் இருக்கு. தாடி போயிடுச்சுன்னு இனிமே உங்க கடைக்கு வராம இருந்துடவா?"

சலூன்காரர் கத்தியை எடுக்கவில்லை, போனை எடுத்தார்.

"அப்படியே உட்காருங்க. முதல்ல டாக்டர்கிட்ட பேசிடறேன்."