பவுக்யே சாந்தமாக இருந்த கோடை

எங்கள் கால்வாயில் படகு ஓட்டும் யாருக்கும் பவுக்யேவைத் தெரியாமல் இருக்க முடியாது. நெதர்லாந்தில், ஃப்ரீஸ்லாந்தின் இந்தச் சின்னப் பாலத்தைப் படகுகள் போக வழிவிட்டுச் சக்கரம் சுற்றித் தூக்குகிறவள் அவள். வேகமாக வரும் படகுக்காரர்களை அவள் திட்டுகிற திட்டில் வாத்துகள்கூடக் கரையேறிவிடும்.

ஒரு வசந்தத்தில் சக்கரத்தைப் பாதி சுற்றியவள், மூச்சு வாங்கி அப்படியே சரிந்தாள். அக்கரையில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் தம்பி டூவே ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

இதயத் தசை தடித்து, ரத்தம் வெளியேறும் வழியை நெருக்குகிறது என்றார் டாக்டர் மீன்ஸ்மா. பரம்பரையாக வருவதாம்.

"உனக்கு மனசு பெரிசாம் அக்கா," என்றான் டூவே. "ஸ்கேன் எடுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்துச்சு. வெளியில ஒண்ணும் தெரியல."

"எந்திரிச்சு வந்தேன்னா தெரியும்டா உனக்கு."

முதலில் கொடுத்தது துடிப்பை நிதானப்படுத்தும் பழைய மாத்திரை. துடிப்போடு பவுக்யேவும் நிதானமானாள். குறுக்கே புகுந்த ஒரு படகைப் பார்த்து, "பரவாயில்ல, பாத்துப் போங்க" என்றாளாம். பயந்துபோன படகுக்காரர் பாலத்தடியில் இருக்கும் என் காபிக் கடைக்கு வந்து, "அந்தம்மாவுக்கு என்னங்க ஆச்சு?" என்று விசாரித்தார். ஊரே அந்த மாத்திரையைக் கொண்டாடியது. இன்னும் ஒன்று கூட்டித் தரலாமே என்று டாக்டரிடம் சிபாரிசு செய்தான் டூவே.

அவளுக்கு அது சுகப்படவில்லை. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்க முடியவில்லை. மத்தியானமே கண் சொருகியது.

"நான் சாந்தமா இல்ல, களைச்சுப்போயிருக்கேன்," என்றாள் என்னிடம். "உங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியுது."



டாக்டர் புதிய மாத்திரைக்கு மாற்றினார். தசை அளவுக்கு மீறி இறுக்கிப் பிழிவதை அது தளர்த்தும். அதிகம் தளர்ந்தால் இதயம் பலவீனமாகிவிடும் என்பதால் அடிக்கடி ஸ்கேன். ஒருமுறை அப்படியே ஆகி, மருந்தை நிறுத்தினார்கள். அந்த வாரங்களில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் பாலத்தை வேறொருவன் தூக்குவதைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பிறகு குறைந்த அளவில் மறுபடி தொடங்கியபோது உடம்பு ஏற்றுக்கொண்டது. இலையுதிர்காலத்தில் ஒரு நாள், காற்றை எதிர்த்து சைக்கிளில் வந்து இறங்கி, என் காபி ஆறிப்போயிருக்கிறது என்று சண்டை பிடித்தாள். எனக்கு அது தேனாக இருந்தது.

பரம்பரை நோயாயிற்றே, டூவேயையும் சோதித்தார்கள். அவனுக்கும் தசை கொஞ்சம் தடித்திருந்தது. இப்போதைக்கு மருந்து வேண்டாம், வருஷா வருஷம் வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டர். வாய் ஓயாதவன், வெளியே வந்து காரை எங்கே நிறுத்தினோம் என்பதையே மறந்து நின்றான்.

கேலிக்கு அருமையான சமயம். கூடப் போயிருந்த பவுக்யே அதை விட்டுவிட்டாள்.

"சாவியக் குடு. நான் ஓட்டுறேன், ஏறுடா."

வழியில் நிறுத்தி அவனுக்கு வறுத்த மீன் வாங்கித் தந்தாள். அவனால் பாதிதான் தின்ன முடிந்தது. மீதியை அவள் தின்றுவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.