காட்டேரிப் பாட்டுக்கு வெட்டியவள்

அந்த இறைச்சிக்கூடத்தில் அவளுக்கு ‘இடி’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா கிடந்தது. அவள் கத்தியை ஓங்கிப் போட்டால் அடுத்த தெருவில் தூங்கும் நாய் எழுந்து இடம் மாற்றிப் படுக்கும் என்பார்கள். நாயைக் கேட்டால் அதுவும் ஆமாம் என்றுதான் சொல்லும்.

அவள் புருஷனுக்குப் ‘பசை’ என்று பெயர். அவன் பிடித்த எலும்பு கட்டையோடு ஒட்டிவிட்ட மாதிரி அசையாது. பெண்டாட்டியோடும் அப்படித்தான் என்று கூடத்தில் கிண்டல். ஆனால் கத்தியைக் கையில் கொடுத்தால் முகம் வெளுத்துப் போவான். ஓங்குவான், இறக்கமாட்டான். ஆகையால் அவள் வெட்டினாள், அவன் பிடித்தான்.

அங்கே ஒவ்வொரு வெட்டுக்கட்டைக்கும் இப்படி இரண்டு பேர். வெட்டுகிறவருக்கு ஒரு கை போதும். பிடிக்கிறவர் இரண்டு கையாலும் எலும்பை அணைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் நகர்த்தித் தர வேண்டும். நகர்த்தும்போது கை கத்தி விழும் இடத்தைக் கடந்துதான் போகும். கடந்ததும் “போடு!” என்று குரல் கொடுப்பார். பக்கத்தில் மின்சார ரம்பம் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கையில் எந்தக் குரல் கேட்கும்? கேட்காத குரலுக்குக் கத்தி இறங்கும். அந்தக் கூடத்தில் எல்லா விரலும் முழுசாக வைத்திருந்தவர்கள் நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள்.

அவளுக்கு ரத்தத்தைக் கண்டு பயமில்லை. அதற்கு அங்கே மரியாதை இல்லை என்பதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது. ஓர் உயிர் கொக்கியில் ஏறும், கழுத்து அறுபடும், ரத்தம் பீறிட்டுச் சுவரில் அடிக்கும். ஒருவன் பீடியைக் கடித்துக்கொண்டு குழாயைத் திருப்பிச் சாக்கடைக்குள் தள்ளிவிடுவான். அவ்வளவுதான். ஒரு ‘ச்சு’ கூடக் கிடையாது.

இந்த லட்சணத்தில்தான் ஒரு நாள் இறைச்சி லாரியிலிருந்து அந்தப் பாட்டு வந்தது. முதலில் பாழடைந்த வீட்டுக்குள் புகுந்த மாதிரி ஒரு காற்று. பிறகு மார்க்கூட்டை அமுக்கும் ஆர்கன் இசை. பிறகு ஆழக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஓர் ஆண்குரல். வரிக்கு வரி ஒரு பெரிய மணி, காதுக்கு வராமல் கால் வழியே ஏறுகிற மாதிரி ‘டங்’ என்று விழுந்தது. மணிக்கும் மணிக்கும் நடுவில் ஒரு பெண் வார்த்தையே இல்லாமல் அழுதாள்.

தோளில் பாதி மாட்டைச் சுமந்தபடி இடி நின்றுவிட்டாள்.

“என்னய்யா இது? யாரு செத்தாங்க?”

நகத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்த லாரிக்காரன் எட்டிப் பார்த்தான். “யாரும் சாகலக்கா. செத்தவன் எழுந்து வர்ற பாட்டு. ரத்தக்காட்டேரி.”

“ரத்தம் குடிக்கிறதுக்கா இவ்வளவு அழுகை?”

“அவனுக்குத்தான் சாவே கிடையாதே. ஆசை வெச்சவங்க எல்லாம் கண்ணு முன்னாடி போயிடறாங்க. ஒவ்வொரு கழுத்தையும் அழுதுக்கிட்டேதான் கடிக்கிறான்.”

“நான் டீ குடிக்கிறதுக்குள்ள இவனைவிட அதிகமா முடிச்சிடறேன். எனக்கு எவனும் பாட்டுப் போடலியே!”

சிரிக்கத்தான் சொன்னாள். சிரிப்பு வரவில்லை. சுமையிலிருந்து ரத்தம் கழுத்தில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. பின்னால் வரிசை கட்டி நின்றவர்கள் கத்தினார்கள்: “ஏ இடி! மாட்டைச் சுமக்கிறியா, தாலாட்டுறியா?” பாட்டு முடியும்வரை அவள் நகரவில்லை. ஒரே ஒரு சாவுக்கு ஒரு முழுப் பாட்டையே ஒதுக்குகிற ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது அவளுக்குப் புதுச் செய்தி.

அடுத்த வாரம் ஒரு பெரிய ஸ்பீக்கரை வாங்கி வந்து, தொங்கும் மாடுகளுக்கு நடுவே காலிக் கொக்கியில் மாட்டினாள். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்கள் வாய் மூடும்படி ஒரு காரியம் நடந்தது. ரம்பத்தின் கூச்சலையும் மீறி அந்த மணி தரை வழியாகப் பூட்சுக்குள் ஏறியது. மணி விழுந்தால் வெட்டு, மணிக்கு நடுவில் அந்தப் பெண் அழும்போது நகர்த்து. யாரும் சொல்லித் தரவில்லை, கைகள் தாமாகவே கற்றுக்கொண்டன. பக்கத்துக் கட்டைக்காரர்களும் தொற்றிக்கொண்டார்கள். கூடம் முழுக்கக் கத்திகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. எலும்பு தெறித்தது, கொழுப்பு பறந்தது, விரல் மட்டும் விழவில்லை. ஸ்பீக்கரைக் கழற்றச் சொன்ன மேஸ்திரியைத் தூக்கி அதே கொக்கியில் மாட்டுவதாக வெட்டுக்காரர்களே மிரட்டினார்கள்.

பசைக்கு மட்டும் அந்தப் பாட்டு ஆகவில்லை. வீட்டிலும் அவள் கண்ணை மூடிக்கொண்டு அதையே கேட்டாள். சோறு ஆறியது, புருஷனும் ஆறிப்போனான்.

“யாருடி அவன்?”

“எவன்?”

“அந்தக் கிணத்துக்குரல்காரன்.”

“பாட்டுப்படி அவன் செத்து முந்நூறு வருஷம் ஆச்சு. போய்ப் பொறாமைப்படு.”

“செத்தவனுக்கு இருக்கிற மவுசு எனக்கு இல்லியே!”

“நீயும் செத்துப் பாரு, யோசிக்கிறேன்.”

விளையாட்டாகச் சொன்னது அவனுக்குள் சீழ் வைத்தது. மறுநாள் வேலைக்கு நடுவே, அவள் கத்தியைத் தீட்டிக்கொண்டே அந்தக் கிணற்றுக்குரலோடு சேர்ந்து முணுமுணுத்தாள். பசை இரும்புக் கொக்கி ஒன்றைப் பிடுங்கி ஸ்பீக்கரின் வயிற்றில் குத்தினான். குத்திக் கிழித்தான். கீழே தள்ளி, பாட்டு விக்கி அடங்கும்வரை மிதித்தான். வெட்டப் பயந்தவன் அன்றைக்கு அப்படிக் குத்தினான்.

இடி அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கித் தொங்கும் மாடுகள் மேல் வீசினாள். ஒரு மாடு அறுந்து அவன் மேலேயே விழுந்தது. எழுந்திருக்க விடாமல் ஒரு கால் எலும்பை எடுத்து முதுகில் மூன்று நான்கு போட்டாள். அவன் உதடு கிழிந்து பல்லெல்லாம் சிவப்பு. அவளை உதைத்துத் தள்ளினான். அவள் தலை கட்டையில் மோதிப் புருவம் பிளந்தது. ரத்தத்தைத் துடைக்காமல் அவள் கத்தினாள்:

“இந்தக் கையாலதானே உடைச்சே? ஒரு நாள் இல்லேன்னா ஒரு நாள் இந்தக் கையை வெட்டித் தொங்கவிடறேன் பாரு!”

கூடம் முழுக்கக் கேட்டது. அன்றைக்கென்று ரம்பம் நின்றிருந்தது.

பசை நல்லவன். மறுநாள் காலையில் வீங்கின உதட்டோடு புது ஸ்பீக்கரோடு வந்து நின்றான். “அதே பாட்டுதான். கடைக்காரன்கிட்ட நானே பாடிக் காட்டி ஏத்தச் சொன்னேன்,” என்றான். அவன் பாடிக் காட்டியதைக் கற்பனை செய்து அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சமாதானம் ஆயிற்று.

பெயரில் அதே பாட்டுதான். ஆனால் பெரும் கூட்டத்துக்கு முன்னால் மேடையில் பாடி எடுத்தது. கூட்டத்தின் வெறி தலைக்கேறிப் பாடகன் பாதிப் பாட்டுக்கு மேல் வேகத்தைக் கூட்டியிருந்தான். அந்தப் பெண் அழுது முடிக்கும் முன்பே மணி விழுந்தது. இடியின் கைக்கு மணிதான் கட்டளை. மூளையைக் கேட்டுக்கொண்டு இறங்குகிற வழக்கமெல்லாம் அதற்கு எப்போதோ போய்விட்டது. கத்தி இறங்கியது. பசையின் இடது கை அப்போதுதான் கடந்துகொண்டிருந்தது.

இரண்டு விரல்கள். ஒன்று விலாத்துண்டுகளோடு தட்டில் போய்ப் படுத்தது. இன்னொன்று கட்டையிலிருந்து துள்ளி ரம்பத்துக்கு அடியில் போனது. ரத்தம் அவள் முகத்தில் பீய்ச்சி அடித்தது. பசை அலறவில்லை. கையைப் பார்த்தான், ஸ்பீக்கரைப் பார்த்தான்.

“இது நம்ம பாட்டு இல்லடி,” என்று சொல்லிவிட்டு விழுந்தான்.

அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் கேட்டிருந்தது முந்தின நாள் பேச்சை.

“சொன்ன மாதிரியே செஞ்சுட்டியே இடி,” என்றார் மேஸ்திரி.

“பாட்டு தப்புண்ணே! மணி முந்திடுச்சு!”

“மணி முந்துச்சாம். கத்தியை மணியா பிடிச்சிருந்துச்சு?”

அதற்குப் பிறகு அவள் கட்டையில் பிடிக்க ஒருவரும் வரவில்லை. “எனக்குக் குழந்தை குட்டி இருக்கு தாயே,” என்று ஒதுங்கினார்கள். பிடிக்க ஆள் கொண்டு வராவிட்டால் சாக்கடை கழுவப் போ என்றார் மேஸ்திரி. அதைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். மருத்துவமனையில் பசை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

“வலிக்குதா?”

“இல்லாத விரல்தான் வலிக்குது.”

“வேணும்னே போட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க.”

“நீ என்ன சொல்றே?”

“நான் மணிக்குப் போட்டேன்.”

அவன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். விழுந்த நேரத்தில் அவன் சொன்னது வேறு, படுத்து யோசித்தபின் மனசில் ஏறியது வேறு போலிருந்தது. எத்தனையோ எலும்பை உடைத்தவள் அந்த மௌனத்தை உடைக்க வழி தெரியாமல் திரும்பி வந்தாள்.

காயம் உலர்ந்ததும் பசை கூடத்துக்கு வந்தான். யாரோடும் பேசாமல் அவள் கட்டைக்கு எதிரே நின்று, கட்டுப்போட்ட கையையும் மற்றக் கையையும் எலும்பின் மேல் வைத்தான். நம்பிக்கையைக் காட்டத்தான் வந்திருந்தான். ஆனால் கத்தியை அவள் தொட்டதும் அவன் கைகள் தாமாகவே எலும்பை விட்டு விலகின.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். சுற்றி வந்து அவனைத் தோளைப் பிடித்துத் தன் இடத்துக்குத் தள்ளினாள்.

“நீ போடு. நான் பிடிக்கிறேன்.”

“எனக்கு வராதுன்னு உனக்குத் தெரியுமேடி.”

“வெட்ட ஒரு கை போதும், அது உன்கிட்ட இருக்கு. பிடிக்க ரெண்டு கை வேணும், அது என்கிட்ட இருக்கு. கணக்கு சரியாத்தானே இருக்கு?”

“தப்பி விழுந்தா?”

“விழட்டும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து சாக்கடை கழுவலாம்.”

கூடம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. “பசை மச்சான், பழி வாங்க நல்ல நேரம்! விட்டுடாதே!” என்றான் ஒருவன். அவள் கைகளை முழங்கை வரை கட்டையில் சாய்த்து எலும்பை அணைத்துக்கொண்டாள். ரம்பம் கூச்சலிட்டது. பசை கத்தியை எடுத்தான். ஓங்கினான். வழக்கம்போல அது அங்கேயே நின்றது.

அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. “வேணும்னேதான் போட்டேன்னு நெனச்சா, நீயும் வேணும்னே போடு. இல்லேன்னா எலும்பு மேல போடு. எது மேலயாவது போடுய்யா, கை மரத்துப் போகுது!”

கத்தி இறங்கியது. அவள் மணிக்கட்டுக்கு விரலளவு தள்ளி எலும்பில் ஏறிப் பாதியில் நின்றது. சில்லு ஒன்று தெறித்து அவள் கன்னத்தைக் கீறியது. பசை கத்தியைப் பிடுங்கத் தெரியாமல் ஆட்டினான். அவன் முகமெல்லாம் வேர்வை, கண்ணெல்லாம் தண்ணீர்.

“நல்லாத்தான் போட்டே,” என்றாள் அவள், கன்னத்து ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு. “இன்னொன்னு போடு.” கையை எடுக்கவில்லை.