கட்டிலுக்கு ஒரு திரை

பச்சைத் துணியின் மேல் விளிம்பைச் செல்வலட்சுமியின் விரல்கள் மடித்து, நகத்தால் அழுத்தி, ஊசிக்கடியில் தள்ளின. திரைக் கம்பி நுழைவதற்கான மடிப்பு அது. கம்பி துருப்பிடித்தது என்பதால் சற்றுத் தாராளமாகவே விட்டிருந்தாள். தையல் எங்கும் கோணவில்லை. ஆனால் மிதிக்கிற வேகம் துணிக்கு வேண்டியதைவிட அதிகம். கோபமெல்லாம் காலில் இருந்தது.

செல்வலட்சுமிக்கு நாற்பத்து நான்கு வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பென்னலூரில் வாடகை வீட்டு முன்னறையில் மிஷின் போட்டிருக்கிறாள். கம்பெனிப் பெண்கள் போடும் நீலக் கோட்டுகளைப் பிடித்துத் தைத்துக் கொடுப்பது தொழில். எச்.ஐ.வி.க்கான கூட்டு மாத்திரையைப் பல வருஷமாகத் தவறாமல் சாப்பிடுகிறாள். ஒரகடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கணவன் வனமாமலையும் அப்படித்தான். மாத்திரை வாங்கும் வரிசையில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள்.

போன வருஷம் மாதவிலக்கு நின்றது. அதற்கு முன்பே உடம்பு திடீர் திடீரென்று கொதித்தது. இரவில் ஜாக்கெட்டைப் பிழியலாம் போல வேர்த்தது. நோய் முற்றுகிறதா, மாத்திரை செய்கிற வேலையா, வயசா, அவளுக்குத் தெரியவில்லை. மாத்திரை கொடுக்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் கேட்பது இருமல், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வேர்வை. வேர்க்கிறது என்றதும் காசநோயோ என்று சளி டப்பாவைக் கையில் கொடுத்தார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அவளுக்கு இருமலே இல்லை, துப்புவதற்கும் ஒன்றுமில்லை. எக்ஸ்ரேயும் சுத்தம். அடுத்த முறையும் வேர்வை, அடுத்த முறையும் டப்பா. கடைசியில் சலித்துப்போய், வேர்க்கவில்லை என்று சொல்லிவிட்டாள். அத்தோடு அவர்களுக்கு விஷயம் முடிந்தது.

அவளுக்கு முடியவில்லை. வனமாமலையோடு சேர்ந்தால் உள்ளே உலர்ந்து எரிந்தது. அதைச் சொல்ல வாய் வராமல், ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப் படுத்தாள். ஒருநாள் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது, சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்:

"என்னைய வெறுத்துப் போச்சுன்னா சொல்லிருட்டி. நான் சண்டைக்கு வரமாட்டேன்."

சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஆஸ்பத்திரியில் பெண்கள் பிரிவுக்குப் போனாள். பரிசோதிக்கும் கட்டிலுக்கு மேலே கம்பி இருந்தது, திரை இல்லை. துவைக்கப் போனது திரும்பி வரவில்லையாம். வரிசையில் நிற்பவர்களுக்குக் கட்டிலும் தெரியும், அங்கே பேசுவதும் கேட்கும். சசிகலா சிஸ்டர் என்ன பிரச்சனை என்று கேட்டபோது, செல்வலட்சுமியிடம் கோட்டுத் தைக்கக் கொடுக்கிற பெண் ஒருத்தி பின்னாலேயே நின்றாள். வயிற்று வலி என்றாள். வயிற்று வலிக்கு மாத்திரை கிடைத்தது. மறுபடி போனாள், மறுபடி திரை இல்லை, மறுபடி வயிற்று வலி. இல்லாத வலிக்கு வீட்டில் மாத்திரை சேர்ந்ததுதான் மிச்சம். திரை எப்போது வரும் என்று கேட்டதற்கு, எழுதிப் போட்டிருக்கிறோம் என்றாள் சசிகலா. அவள் குரலிலும் அலுப்பு. செல்வலட்சுமி பையிலிருந்த டேப்பை எடுத்துக் கம்பியை அளந்தாள். யாரும் தடுக்கவில்லை.

இன்று தைத்த திரையை இஸ்திரி போட்டு, மடித்து எடுத்துக்கொண்டு போனாள். வரிசையில் முறை வரும்வரை நின்றாள்.

"இன்னாம்மா, வயித்து வலி போகலியா?" என்றாள் சசிகலா.

"வயித்து வலி பொய் சிஸ்டர். இதை மாட்டுங்க. நெசத்த உள்ள வந்து சொல்லுதேன்."

சசிகலா துணியைப் பார்த்தாள். பிறகு செல்வலட்சுமியின் முகத்தை, நெற்றியில் திடீரென்று பொடித்த வேர்வையைப் பார்த்தாள். அவளுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். குனிந்து, வரிசைக்குக் கேட்காமல் கேட்டாள்:

"ராத்திரியும் இப்டித்தான் வேர்க்குதா?"

"நீங்களும் டப்பாவக் குடுத்துராதீங்க."

சசிகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரம்மாவிடம் ரெண்டு நிமிஷம் என்று சைகை காட்டிவிட்டு, ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு ஏறி நின்று, திரைக்காகக் கை நீட்டினாள். செல்வலட்சுமி மடிப்பைப் பிரித்து, கம்பி நுழைகிற பக்கம் மேலே வரும்படி திருப்பி, அவள் கையில் கொடுத்தாள்.